ஒரு தடவைக்கு எத்தனை நிமிஷம்

அந்த நீதிமன்றத்தில் அவள் உட்காரும் இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நீதிபதியின் உயரமான மேடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டுக்கு எதிரே, சுவரை ஒட்டி ஒரு சின்ன மேசை. வலது பக்கம் மேடையின் மரப்பலகை. இடது பக்கம் வழக்கறிஞர்களின் நீள மேசை. முன்னால் கணினி. வெளியே போக வேண்டுமென்றால் மூன்று வழக்கறிஞர்கள் எழுந்து நாற்காலியை நகர்த்தி வழிவிட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், விசாரணை நடுவில் அவள் எழுந்தால் எல்லார் வாயும் நின்றுவிடும். சாட்சி சொல்வதை நீதிபதி எழுத்து நடையில் திருப்பிச் சொல்வார், அவள் தட்டச்சு செய்வாள். அவள் விரல் வழியாகப் போகாத எந்த வார்த்தையும் அந்த அறையில் பேசப்பட்டதாகவே ஆகாது.

ஆறு வருடமாக அந்த இடம் அவளுக்குப் பிடித்திருந்தது. விசைப்பலகையைப் பார்க்காமல், எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பாள். தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்லப்போய், கட்டடம் முழுக்க அவளுக்கு ‘மழை’ என்று பெயராகிவிட்டது. சாட்சிகள் தவிர மற்ற எல்லாருக்கும் அவள் மழைதான்.

பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் விடுப்பு. அந்த மூன்று மாதமும் அவள் பாலூட்டியதைத் தவிர வேறு ஒன்றும் செய்ததாக அவளுக்கு நினைவில்லை. முதல் வாரமே சுகாதார நிலையத்துச் செவிலியிடம், எத்தனை மணிக்கு ஒரு தடவை, ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டு எழுதிக்கொள்ளப் பேனாவோடு போனாள். செவிலி பேனாவை மூடச் சொன்னாள்.

“கடிகாரத்தைப் பாக்காதீங்க, குழந்தையைப் பாருங்க. கையைச் சப்பும், தலையைத் திருப்பித் தேடும், அப்பவே கொடுத்துடுங்க. அழற வரைக்கும் காக்க வேண்டாம். ஒரு பக்கம் குடிச்சு முடிச்சு அதுவா விடட்டும், அப்புறம் அடுத்த பக்கம். ஒரு நாளைக்கு எட்டு தடவையும் ஆகும், பன்னெண்டும் ஆகும். ஈரத்துணி நிறைய வருதா, எடை ஏறுதா, அது போதும்.”

கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் குழந்தை ஒரு தடவை பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளும், அடுத்த தடவை நாற்பது நிமிடம் ஆகும். சாயங்காலமானால் அரை மணிக்கு ஒரு தடவை தேடும். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்து, எடுக்கப்பட்டு, மறுபடி வேறு துணி காயும் வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கும். குழந்தை வாயை எடுத்ததும் எழுந்திருக்கப் பார்ப்பாள், உடனே முகம் கோணும், மறுபடி உட்காருவாள். எடை என்னவோ நன்றாகத்தான் ஏறியது.

விடுப்பு முடிந்தது. செவிலி சொன்னதில் வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு வரிகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் கணவன் ரொட்டி அடுப்பில் வேலை பார்ப்பவன். விடியும் முன்னே போய் மாவு பிசைந்து அடுக்கி வேகவைத்து எடுத்து, ஒன்பது மணிக்கு வீடு திரும்புவான். ஒன்பதே காலுக்கு அவள் கிளம்ப வேண்டும். வாசற்படியில் குழந்தை கைமாறும். பிறகு அவன் தூங்க வேண்டிய நேரம், ஆனால் தூங்க முடியாது. புட்டியில் எடுத்து வைத்த பாலைக் குழந்தை நாக்கால் தள்ளித் தள்ளித் துப்பியது. ரப்பரை மாற்றிப் பார்த்தான், சின்னக் கிண்ணத்தில் கொடுத்தான், கரண்டியில் கொடுத்தான். கரண்டியில் மட்டும் கொஞ்சம் போனது, அதிலும் பாதி அவன் சட்டைக்கு. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். குழந்தையை மார்போடு துணியில் கட்டிக்கொண்டு பதினொரு மணிக்கு நீதிமன்றத்துக்கு வருவான், அப்போது அவள் பால் கொடுப்பாள், ஒரு மணிக்கும் மூன்றரைக்கும் மறுபடி. நடுவில் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்குவான். அவன் மேல் எப்போதும் ரொட்டி வாசம் அடிக்கும். காவலுக்கு நிற்பவர்கள், “வந்துட்டாருப்பா பேக்கரி, பசியைக் கிளப்ப” என்பார்கள்.

பாலூட்ட அவளுக்குக் கிடைத்த இடம் பழைய வழக்குக் கட்டுகள் வைக்கும் அறை. இரண்டு அலமாரிகளுக்கு நடுவே முதுகுச் சட்டம் போன ஒரு நாற்காலி. பதினொரு மணிக்கு நீதிபதி பத்து நிமிடம் எழுந்தால் உண்டு, எழாவிட்டால் இல்லை. குழந்தை பிடித்து, உறிஞ்சி, பால் இறங்கி, அது கண்ணைச் செருகி நிதானமாகக் குடிக்க ஆரம்பிக்கும்போது வெளியே மணி அடிக்கும். சுண்டு விரலை வாயோரம் விட்டுப் பிடியை விடுவித்து எடுப்பாள். அது விடும்போது வருகிற அந்தச் சின்னச் சத்தம் அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. பாதியில் எடுத்த கட்டை அலமாரியில் செருகுகிற மாதிரி குழந்தையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு ஓடுவாள். மூன்று வழக்கறிஞர்கள் எழுந்து வழிவிடுவார்கள். ஒருவர் ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அப்படி ஒரு மாதம் ஓடியது. குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது.

காலையிலேயே இடது மார்பு கல்லாகியிருந்தது. ஒரு இடத்தில் சிவந்து, தொட்டால் சுட்டது. குளிர் எடுத்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு ஒரு கிடங்குத் தீ வழக்கு. தீப்பிடித்த நேரத்தில் பின்கதவு பூட்டியிருந்ததால் மூட்டை தூக்கும் ஒருவருக்கு இரண்டு கையும் வெந்துபோயிருந்தது. பூட்டியது யார் என்பதுதான் கேள்வி. கூண்டில் கிடங்கின் காவல்காரர் நின்றார். அறுபது வயதிருக்கும். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததாக முதலிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

குறுக்கு விசாரணை நீண்டது. பதினொரு மணிக்கு நீதிபதி எழவில்லை. பன்னிரண்டும் தாண்டியது. வெளியே குழந்தை அழ ஆரம்பித்தது. அது அவள் குழந்தை என்று அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. தாழ்வாரத்தில் தினமும் எத்தனையோ குழந்தைகள் அழும். அவளுக்குத் தெரிந்தது, அவள் உடம்புக்கும் தெரிந்தது. சால்வைக்கு உள்ளே இரண்டு பக்கமும் நனைந்தது. கை இரண்டும் விசைப்பலகையில் இருக்க, முழங்கையை மார்போடு அழுத்திக்கொண்டாள். நீதிபதி சொல்லிக்கொண்டே போனார். சாவியை வாங்கினேன். விளக்கை அணைத்தேன். முன்கதவைப் பூட்டினேன். பின்கதவை நான் பூட்டவில்லை, மேலாளர் உள்ளே இருந்தார். அவள் அடித்துக்கொண்டே போனாள். வெளியே அழுகை விட்டு விட்டு, கமறிக் கமறி வந்தது. பிறகு நின்றது. நின்றதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

ஒரு மணிக்கு நீதிபதி எழுந்தார். சாட்சியிடம் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். அது அவள் வேலை. நாலு பக்கம், வாசிக்கப் பத்து நிமிடம் ஆகும். காவல்காரர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தூரக் கொண்டுபோய், அவளைப் பார்த்தார்.

“எல்லாம் நீங்க சொன்னபடிதான் இருக்குங்க. இங்க போடுங்க” என்றாள்.

போட்டார். அவள் ஓடினாள். குழந்தை அழுது களைத்துத் தூங்கியிருந்தது. எழுப்பினால் பால் குடிக்காமல் சிணுங்கியது. கல்லான பக்கத்தைப் பிடிக்கவே இல்லை. அன்று சாயங்காலம் காய்ச்சலோடு சுகாதார நிலையத்துக்குப் போனபோது, செவிலி மருந்து கொடுத்து, அந்தப் பக்கத்தை நிறுத்திவிடாமல் அடிக்கடி கொடுக்கச் சொன்னாள், ஓய்வெடுக்கச் சொன்னாள். ஓய்வு என்றதும் அவள் கணவன் சிரித்துவிட்டான்.

மறுநாள் காலை நீதிமன்றம் கூடும் முன் வழக்கறிஞர்களுக்கு நகல் எடுக்க உட்கார்ந்தாள். நீதிபதி சொல்லும்போதே தன் குறிப்பேட்டில் கிறுக்கி வைக்கும் குறிப்பை வைத்துக்கொண்டு வரிவரியாக ஒத்துப்பார்த்தாள். மூன்றாம் பக்கத்தில் கை நின்றது. ‘பின்கதவை நான் பூட்டினேன்.’ குறிப்பில் ‘பூட்டவில்லை’ என்று இருந்தது. முன்கதவுக்கு அடித்த வார்த்தையையே விரல் மறுபடி அடித்திருக்கிறது. கீழே காவல்காரரின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாக ஊன்றிப் போட்டது.

குறிப்பேட்டை யாரும் புரட்டிப் பார்க்கப்போவதில்லை, கையெழுத்துப் போட்ட தாள்தான் செல்லும். அவள் சொல்லாவிட்டால் அந்த மனிதர் தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டவர் ஆகிவிடுவார். சொன்னால், தவறாக அடித்தது மட்டுமல்ல, வாசித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கியதும் வெளியே வரும். முதலாவது தவறு, இரண்டாவது பொய். வித்தியாசம் அவளுக்குத் தெரியும்.

கணவனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவன் முதலில் கேட்டது, வேறு யாராவது கண்டுபிடிக்க வாய்ப்பு இருக்கிறதா என்பதுதான். இல்லை என்றாள். பிறகு, போய்ச் சொல்லிவிடு, அப்புறம் நடக்கிறதைப் பார்க்கலாம் என்றான். அந்த முதல் கேள்விக்காக அவள் அவன்மேல் கோபப்படவில்லை. அவளுக்கும் முதலில் தோன்றியது அதுதான்.

நீதிபதி ஐம்பது தாண்டிய அம்மாள். அதிகம் பேசாதவர். தன் அறையில் தாளையும் குறிப்பேட்டையும் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை படித்தார்.

“வாசிச்சுக் காட்டினியா?”

“இல்லைங்க மேடம்.”

“ஏன்?”

அவள் ஏதேதோ யோசித்து வைத்திருந்தாள். எல்லாம் மறந்துபோயிற்று. “வெளியே என் குழந்தை அழுதுட்டு இருந்துச்சு. பால் கொடுக்கப் போற அவசரத்துல வாங்கிட்டேன்.”

“உன் குழந்தை தினமும் இங்க வருதா?”

“மூணு வேளை வருது மேடம். பழைய கட்டு அறையில வெச்சுக் கொடுக்கறேன்.”

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். விடுப்பு முடிந்து வந்த ஒரு மாதமாக அவள் அவருக்குக் கீழே இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மேடையிலிருந்து பார்த்தால் உச்சந்தலைதான் தெரியும்.

“சாட்சியைத் திரும்பக் கூப்பிடுவேன். உன்கிட்ட எழுத்துல விளக்கமும் கேப்பேன்” என்றார். “ரெண்டுல எதையும் என்னால விட முடியாது.”

காவல்காரர் திங்கட்கிழமை வந்தார், கண்ணாடியோடு. நீதிபதி நடந்ததைச் சொல்லி, அவளையே வாசிக்கச் சொன்னார். நாலு பக்கத்தையும் நின்றுகொண்டு வாசித்தாள். பின்கதவு வரியை ‘பூட்டவில்லை’ என்று திருத்தி வாசித்தபோது அவர் தலையை ஆட்டினார், ஆமாம், இதுதான் நான் சொன்னது என்று. திருத்திக் கையெழுத்து வாங்கினார்கள். வெளியே தாழ்வாரத்தில் அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் கத்தவில்லை.

“அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கினேன்மா” என்றார். “நாலு நாள். ஒண்ணுமே தெரியாம.”

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விளக்கம் எழுதிக் கொடுத்தாள். பணிப்பதிவேட்டில் ஒரு எச்சரிக்கை ஏறியது. அவளை விசாரணைக் கூடத்திலிருந்து எடுத்து நகல் பிரிவுக்கு மாற்றினார்கள். கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறை. தீர்ப்புகளையும் உத்தரவுகளையும் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். அங்கே யாரும் பேசுவதில்லை. ஒரு முகமும் எதிரே இல்லை. அவளுடைய பழைய நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்தாள், விசைப்பலகையைப் பார்த்துப் பார்த்து அடிப்பவள்.

பாலூட்டப் போக அனுமதி வேண்டும் என்று மனுக் கொடுக்கும்படி நீதிபதிதான் சொல்லி அனுப்பியிருந்தார். மனு தலைமை எழுத்தரிடம் போயிற்று. எதைக் கொடுத்தாலும் மூன்றாகக் கேட்பதால் அவருக்கு ‘மூணு பிரதி’ என்று பெயர். கெட்டவர் இல்லை. படிவத்தில் கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா?”

“அது குழந்தை கேக்கறதைப் பொறுத்தது சார்.”

“குழந்தை கேக்கறதை நான் கட்டத்துல எழுத முடியாது. வேலை நேரத்துல எத்தனை?”

“மூணு. சில நாள் நாலு.”

“ஒரு தடவைக்கு எத்தனை நிமிஷம்?”

“சில சமயம் பத்து. சில சமயம் நாப்பது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கும் ரெண்டு பிள்ளை. எங்க வீட்டுல ஒரு தடவைகூட நாப்பது நிமிஷம் ஆனதில்லை.”

“நீங்க ஆபீஸ்ல இருந்திருப்பீங்க சார்.”

அவர் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். கோபப்படவில்லை. சரி, ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு தடவையும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எழுதிக்கொண்டு வா, சராசரி போட்டுவிடலாம் என்றார். மூன்று பிரதி.

அந்த ஒரு வாரம் மோசமான வாரம். கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பென்சில். குழந்தையின் முகத்தைப் பார்த்ததைவிடச் சுவர்க் கடிகாரத்தை அதிகம் பார்த்தாள். குடித்துக்கொண்டே தூங்கினால் அது கணக்கில் வருமா என்று தெரியவில்லை. நடுவில் வாயை எடுத்து அவளைப் பார்த்துச் சிரித்தது, அதை முடிந்ததாக எழுதுவதா? எழுதியவுடன் மறுபடி பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு, நாற்பத்தொன்று, ஏழு, இருபத்தாறு. எண்களைப் பார்த்தால் யாரோ விளையாட்டுக்கு எழுதின மாதிரி இருந்தது. ஒரு நாள், அவசரப்படுத்தினால் சீக்கிரம் முடியுமோ என்று கன்னத்தைத் தட்டித் தட்டிக் குடிக்க வைத்தாள். குழந்தை அத்தனையையும் அவள் மடியில் கக்கியது. கணவன் துணியால் துடைத்துக்கொண்டே, பேசாமல் எல்லாத்துக்கும் இருபதுன்னு போட்டுடேன் என்றான்.

போட்டிருக்கலாம். ஆனால் இன்னொரு தாளில் பொய் எழுத அவளால் முடியவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். மூணு பிரதி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, மேலே அனுப்பினார்.

மேலே போனது மேலேயே இருந்தது. இரண்டரை மாதம். அதுவரைக்கும் அவள் பிரிவுத் தலைவரிடம் ஒவ்வொரு தடவையும் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு போய்வந்தாள். கணவன் ஒரு நாள் பெஞ்சில் தூங்கி வழிந்து, குழந்தையோடு முன்னால் சாய்ந்துவிட்டான். காவலுக்கு நின்றவர் எட்டிப் பிடித்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் உட்காருவதில்லை, தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தான். அவள் அறைக்குள் இருந்தபடி அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உத்தரவுகளை அடிப்பாள். வேலையை விட்டுவிடலாமா என்று இரண்டு தடவை பேசினார்கள். ஒருவர் சம்பளத்தில் வாடகை கட்டினால் மீதி என்ன என்பது இருவருக்கும் தெரிந்ததால், இரண்டு தடவையும் பேச்சு பாதியில் நின்றது. இன்னொருவரிடம் பிள்ளையை விடலாம் என்றால் புட்டியைத் தொடாத பிள்ளையை யாரிடம் விடுவது?

ஆறு மாதம் முடிந்ததும் செவிலி சொன்னபடி மசித்த சோறும் பருப்பும் கொடுக்க ஆரம்பித்தார்கள். குழந்தைக்குச் சோற்றைவிடக் கிண்ணத்தின்மேல்தான் பிரியம். ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. பதினொரு மணித் தேடல் தானாகவே சில நாள் விட்டுப்போனது. பால் குடிக்கும்போதும் முன்னைப்போல் கண் செருகுவதில்லை. கதவு கிறீச்சிட்டால் திரும்பும், யாராவது இருமினால் திரும்பும்.

அப்போதுதான் உத்தரவு வந்தது. தினம் இரண்டு தடவை, ஒரு தடவைக்கு இருபது நிமிடம். போகும் நேரமும் வரும் நேரமும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். இருபதுக்கு மேல் போனால் விடுப்பில் கழிக்கப்படும். குறைந்தால் என்ன என்று அதில் எழுதவில்லை. மூணு பிரதியிடம் கேட்டாள். அவர் உத்தரவை மறுபடி படித்துப் பார்த்துவிட்டு, இருபதுன்னா இருபதாத்தான் இருக்கட்டும்மா, முன்னப்பின்ன இருந்தா நாளைக்குத் தணிக்கையில கேள்வி வரும் என்றார்.

முதல் நாள், பதினொரு மணிக்குக் கையொப்பம் போட்டுவிட்டுப் போனாள். குழந்தை ஏழு நிமிடம் குடித்தது. பிறகு வாயைத் துடைத்துக்கொள்கிற மாதிரி அவள் தோளில் முகத்தைத் தேய்த்துவிட்டு, மடியிலிருந்து இறங்க உடம்பை முறுக்கியது. மறுபடி வைத்துப் பார்த்தாள். கையால் தள்ளிவிட்டது. அவள் ரவிக்கையின் ஊக்குகளை மாட்டிக்கொண்டாள். கணவன் அலமாரியில் சாய்ந்து நின்றபடியே கண் அசந்திருந்தான். அவனை எழுப்ப மனம் வரவில்லை. குழந்தை தரையில் உட்கார்ந்து, ஏதோ பழைய வழக்கின் கட்டிலிருந்து தொங்கிய நாடாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் பதின்மூன்று நிமிடம் இருந்தது. அவள் முதுகில்லாத அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.